மருந்தடித்தும் மாட்டில் உண்ணி திரும்ப வருகிறதா? நாள் கணக்கைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஜெர்சிக் கலப்பினப் பசுக்கள், ஒரு கிடாரி. கடைக்காரர் கொடுத்த டெல்டாமெத்ரின் என்ற உண்ணி மருந்தை அடித்தீர்கள். இரண்டு நாளில் உண்ணி பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாளில் மடியிலும் வாலடியிலும் பருத்த உண்ணிகள் மறுபடி தொங்குகின்றன. பாலும் குறைந்திருக்கிறது. இதைவிட வீரியமான மருந்து எது, ஊசி போட்டுவிடலாமா, வீட்டு நாயிடமிருந்துதான் இது தொற்றுகிறதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: செத்துப்போன உண்ணிக்குப் பதிலாக வந்து நிற்கும் இந்த உண்ணி இதுவரை எங்கே இருந்தது? அது தெரிந்துவிட்டால், மாற்ற வேண்டியது மருந்தையா, அடிக்கும் முறையையா, கொட்டகையையா என்பது தெரிந்துவிடும். அதற்கான தடயத்தை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். ‘பத்துப் பன்னிரண்டு நாள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

கொங்குப் பகுதிக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மாடுகளை நான் பார்க்கவில்லை. உண்ணி எந்த இனம் என்பதை உறுதியாகச் சொல்ல அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே கீழே சொல்வதில் உண்ணியின் வாழ்க்கையைப் பற்றியவை உறுதியானவை. உங்கள் கொட்டகையைப் பற்றியவை ஊகம்.

மற்ற எதற்கும் முன்னால் ஒரு வேலை. பால் குறைந்த பசுவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டியிருந்தாலோ, கண்ணின் உட்சவ்வு வெளுத்தோ மஞ்சளித்தோ இருந்தாலோ, உண்ணி மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். உண்ணி பரப்பும் நோய்களில் பபேசியா சிவப்பணுக்களை உடைப்பதால்தான் சிறுநீர் நிறம் மாறுகிறது. நெறி வீங்குவது பெரும்பாலும் தைலேரியாவில். அனாபிளாஸ்மாவில் சிறுநீர் நிறம் மாறாமலேயே மாடு வெளுத்து மெலியும். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு: பபேசியாவுக்கு டிமினசீன், தைலேரியாவுக்குப் புபார்வகோன், அனாபிளாஸ்மாவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின். காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்காமல், குத்துமதிப்பாக ஏதோ ஒன்றைப் போடுவதில் நாள்தான் வீணாகும். மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அவர் தவறாக நினைக்க மாட்டார்.

காய்ச்சல் இல்லையென்றால் நிதானமாக உண்ணிக்கு வருவோம். நம் மாடுகளில் மிக அதிகமாக ஏறுவது ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற இனம். பழைய பாடநூல்களில் பூஃபிலஸ் என்று இருக்கும். இதற்கு வாழ்நாளில் ஒரே ஒரு மாடு போதும். ஆறு கால்களோடு, ஊசிமுனையை விடச் சற்றே பெரிதாக இருக்கும் குஞ்சு உண்ணி மாட்டின் மேல் ஏறி, தோல் மெல்லிய இடமாகப் பார்த்துக் கடித்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு வாரத்துக்குள் தோலுரித்து எட்டுக் கால் பெறுகிறது. இரண்டாவது வாரக் கடைசியில் இன்னொரு முறை தோலுரித்து ஆணாகவோ பெண்ணாகவோ முழு வளர்ச்சி அடைகிறது. பெண் உண்ணி இணைசேர்ந்த பிறகும் சில நாள் சிறியதாகவே இருக்கும். கடைசி ஒரு நாள் இரவில்தான் மளமளவென்று ரத்தத்தை இழுத்து ஆமணக்குக் கொட்டை போலப் பருத்து, விடியலுக்குப் பிறகு உதிர்ந்து விழுகிறது. ஏறியதிலிருந்து உதிர்வது வரை ஏறத்தாழ 21 நாள். ‘நேற்று இல்லாத உண்ணி இன்று இவ்வளவு பெரிதாக எப்படி வந்தது’ என்று பலர் திகைப்பார்கள். நேற்றும் அது அங்கேயேதான் இருந்தது. கண்ணில் படும் அளவுக்கு வளரவில்லை.

உதிர்ந்தது சாவதற்கு விழுவதில்லை. சாணத்தின் ஓரத்துக்கோ கல் இடுக்குக்கோ முளைக்குச்சியின் அடிக்கோ ஊர்ந்து போய், இரண்டு மூன்று நாளில் முட்டையிடத் தொடங்குகிறது. ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்துப் பார்த்தால் தெரியும்: முட்டைகளை ஒவ்வொன்றாகத் தலைப்பக்கம் தள்ளி, மெழுகு பூசி, பழுப்பு நிறத்தில் பளபளக்கும் ஒரு குவியலாகச் சேர்த்துக்கொண்டே போகும். உடல் வற்றிச் சுருங்கி, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டைகளை இட்டு முடித்துத்தான் சாகும். சூடும் ஈரமும் சேர்ந்த பருவத்தில் முட்டை பொரிய மூன்று நான்கு வாரம் ஆகும். பொரிந்த குஞ்சுகள் புல் நுனியிலும் தரை ஓரத்திலும் கொத்தாகக் காத்திருக்கும். மாட்டின் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் முன்னங்காலில் உள்ள உணர்வுறுப்பால் அறிந்து, உரசும்போது தொற்றிக்கொள்ளும். மாடு வராவிட்டால் பட்டினியாகவே பல வாரம், குளிர்ச்சியான இடத்தில் சில மாதம்கூட உயிரோடு இருக்கும். இதைக் கூட்டிப் பாருங்கள். இன்று உங்கள் மாட்டில் தொங்கும் பருத்த உண்ணி, குறைந்தது ஏழெட்டு வாரத்துக்கு முன் உதிர்ந்த ஒன்றின் வாரிசு. இன்று நீங்கள் அடித்த மருந்துக்கும் கீழே காத்திருக்கும் கூட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இனி நாள் கணக்கு. மருந்தடித்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே பருத்த உண்ணிகள் உயிரோடு காலை அசைத்துக்கொண்டிருந்தால், மருந்து அந்த இடத்தை நனைக்கவில்லை, அல்லது உங்கள் பகுதி உண்ணியிடம் அந்த மருந்து எடுபடவில்லை. இருபது நாளுக்குப் பிறகுதான் பருத்தவை தென்படுகின்றன என்றால் மருந்து வேலை செய்திருக்கிறது. தரையில் காத்திருந்த குஞ்சுகள் புதிதாக ஏறி வளர்ந்திருக்கின்றன. குறை கொட்டகையில் அல்லது மேய்ச்சல் நிலத்தில். உங்களுக்கு வந்திருப்பதோ இரண்டுக்கும் நடுவில். பத்து நாளில் குஞ்சு உண்ணி பருத்த உண்ணியாகவே முடியாது. அப்படியானால் அவை மருந்தடித்த அன்றே மாட்டின் மேல் பாதி வளர்ந்த நிலையில் இருந்து தப்பியவை. தோலுரிக்கும் கட்டத்தில் உண்ணி ரத்தம் குடிப்பதில்லை, பழைய தோலுக்குள் அடங்கிக் கிடக்கும். அப்போது மருந்து அதைச் சரியாக எட்டாது. ஒரே ஒரு தடவை அடித்து நிறுத்தினால் இந்தக் கூட்டம் நிச்சயம் மிஞ்சும். அதனால்தான் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் இரண்டாவது தடவை அடிக்கச் சொல்கிறோம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது அந்த இரண்டாவது தடவை இல்லாததுதான்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. ஹயலோமா என்ற வகை உண்ணி நம்மிடமும் உண்டு. சற்றுப் பெரியது, செம்பழுப்பு நிறம், கால்களில் வெளிர் வளையங்கள் இருக்கும், வேகமாக ஓடும். இது ஒவ்வொரு கட்டத்திலும் மாட்டை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் தோலுரித்துவிட்டு, வளர்ந்த நிலையிலேயே மறுபடி ஏறக்கூடியது. அதற்கு 21 நாள் கணக்குப் பொருந்தாது. தைலேரியாவைப் பரப்புவதும் இந்த வகைதான். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு கொட்டகைச் சுவரின் வெடிப்புகளையும் தீவனத் தொட்டியின் வெளிப்புறத்தையும் பாருங்கள். அங்கே உண்ணி ஊர்ந்தால் உங்கள் எதிரி யாரென்று தெரிந்துவிடும். இரண்டு மூன்றைப் பிடித்து மூடியுள்ள குப்பியில் போட்டு மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.

மருந்தடிக்கும் முறைக்கு வருகிறேன். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். நம் கடைகளில் டெல்டாமெத்ரின் 1.25 சதவீதக் கரைசலாகவும், இன்னொரு உண்ணி மருந்தான அமிட்ராஸ் 12.5 சதவீதக் கரைசலாகவும் கிடைக்கின்றன. இரண்டையும் பொதுவாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலப்பது வழக்கம்; வேறு வீரியத்தில் வாங்கினால் அளவு மாறும், ஆகவே லேபிளைப் படிக்காமல் கலக்காதீர்கள். அளவை விட முக்கியம், எவ்வளவு கரைசல் மாட்டின் மேல் போகிறது என்பது. ஒரு பெரிய பசுவைத் தோல் வரை நனைக்க ஐந்து லிட்டருக்குக் குறையாமல் ஆகும். பூவுக்குத் தெளிக்கிற சின்னக் கைத்தெளிப்பானில் முதுகின் மேல் நாலு தடவை அடித்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்றால், மருந்து என்ன செய்யும்? உண்ணி பெரும்பாலும் முதுகில் இருப்பதில்லை. காதுக்குள், அலைதாடியின் மடிப்பில், முன்னங்கால் அக்குளில், மடிக்கும் தொடைக்கும் நடுவில், வாலைத் தூக்கினால் தெரியும் இடத்தில், குளம்புப் பிளவுக்கு மேலே இருக்கும். மயிரின் போக்குக்கு எதிராக அடியுங்கள். காதுக்குள் ஊற்றாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். கிடாரியையும் கன்றையும் விட்டுவிட்டு, பால் தரும் பசுக்களுக்கு மட்டும் அடித்தீர்களா என்று எழுதவில்லை; எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அடிக்க வேண்டும். மிக இளம் கன்றுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் கறந்த பிறகு, மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டு, வெயில் தணிந்த நேரத்தில் அடியுங்கள். தாகத்தோடு நிற்கும் மாடு உடம்பை நக்கும். புண் இருந்தால் அந்த இடத்தைத் தவிருங்கள். தீவனத்தை மூடிவையுங்கள். அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவுங்கள். கறந்த பாலை எவ்வளவு காலம் விற்கக் கூடாது என்பது லேபிளில் இருக்கும், அதை மதியுங்கள். அடிப்பவர் கையுறை போட்டு, காற்று முதுகுப் பக்கம் வரும்படி நிற்க வேண்டும். மீந்த கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டினால் மீன் செத்து மிதக்கும். எல்லாவற்றையும் விட, மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலும் டானிக் பாட்டிலிலும் ஊற்றி வைக்காதீர்கள். அமிட்ராஸைத் தெரியாமல் குடித்தால் அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. அறிகுறிக்குத்தான் சிகிச்சை அளிக்க முடியும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மூன்றாம் நாள் பருத்த உண்ணி உயிரோடு இருந்தால், மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத் திறன் உண்ணிக்கு வந்திருக்கலாம். இது புதிய கதை அல்ல. ஆஸ்திரேலியாவில் ஆர்சனிக் தொட்டிகளில் மாட்டை முக்கிய காலத்திலிருந்து, வந்த ஒவ்வொரு மருந்துக்கும் இந்த உண்ணி பழகிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தியாவில் டெல்டாமெத்ரினுக்கும் சைபர்மெத்ரினுக்கும் எதிர்ப்பு பல மாநிலங்களில் பதிவாகியிருக்கிறது. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். டெல்டாமெத்ரினை விட்டுவிட்டுச் சைபர்மெத்ரினோ, முதுகில் ஊற்றும் ஃப்ளூமெத்ரினோ வாங்கினால் மருந்தை மாற்றியதாகாது. மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பழகிய உண்ணி மற்றதையும் பெரும்பாலும் தாங்கும். அமிட்ராஸ் வேறு குடும்பம். உண்மையான மாற்றம் அதுதான். அதே சமயம் ‘இரண்டையும் கலந்து அடித்துவிடலாம்’ என்று இறங்காதீர்கள். பருத்திக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை மாட்டின் மேல் அடிப்பதோ அதைவிட மோசம். வாயில் நுரை தள்ளி விழுந்த மாட்டை என்னிடம் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் ‘கொஞ்சம்தான் அடித்தேன்’ என்றே சொன்னார்கள்.

மருந்து கேட்கிறதா இல்லையா என்பதை வீட்டிலேயே ஓரளவுக்குச் சோதிக்கலாம். அதிகாலையில் தானாக உதிர்ந்த அல்லது உதிரப் போகிற பருத்த உண்ணிகள் இருபதைச் சேகரியுங்கள். பத்தை லேபிளில் சொன்ன அளவில் கலந்த மருந்தில் ஐந்து நிமிடம் முக்கி எடுங்கள்; பத்தை வெறும் தண்ணீரில். ஈரத்தைத் தாளில் ஒற்றிவிட்டு, வாயில் துணி கட்டிய இரண்டு குப்பிகளில் தனித்தனியே போட்டு நிழலில் வையுங்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். தண்ணீரில் முக்கியவை முட்டைக் குவியலோடு இருக்கும். மருந்தில் முக்கியவையும் அதே அளவு முட்டையிட்டிருந்தால் அந்த மருந்தை இனி வாங்காதீர்கள். ஆய்வகங்களில் செய்யும் முறையின் எளிய வடிவம்தான் இது. பத்து உண்ணியை வைத்துச் சதவீதம் சொல்ல முடியாது. முழுத் தோல்வியை மட்டும் காட்டிக்கொடுக்கும். முடிந்ததும் குப்பிகளில் கொதிநீர் ஊற்றுங்கள்.

ஊசியைப் பற்றி. ஐவர்மெக்டின் ஊசி, ஒரே மாட்டில் வாழ்நாளைக் கழிக்கும் ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ் உண்ணியை நன்றாகவே குறைக்கும். ஹயலோமாவிடம் அவ்வளவு பலன் இராது. ஆனால் அது பாலில் பல நாள் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே கறவையில் உள்ள பசுவுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உங்கள் கிடாரிக்கு, மருத்துவர் எடையைக் கணித்துத் தோலுக்கடியில் போட்டால் சரி. போட்ட மறுநாளே உண்ணி உதிராது என்பதால் ‘ஊசி கேட்கவில்லை’ என்று இரண்டாவது ஊசி போடச் சொல்லாதீர்கள். சாணத்திலும் அது இறங்கிச் சாண வண்டுகளைப் பாதிக்கிறது. இயற்கை வேளாண்மை செய்பவர் என்றால் இதையும் கணக்கில் வையுங்கள்.

மூலிகைக் கரைசலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது சொல்வார்கள். பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி ஆகியவற்றை அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, மாட்டின் மேலும் கொட்டகை வெடிப்புகளிலும் வாரம் ஒரு முறை தெளிக்கும் முறை நம் மாநிலத்தில் பரவலாகக் கற்றுத்தரப்படுகிறது. குஞ்சு உண்ணிகள் மேல் இவற்றில் சிலவற்றுக்கு வேலை உண்டு. பால் விற்பனைக்கும் இடையூறு இல்லை. பருத்த உண்ணி நிறைய இருக்கும் மாட்டில் இதை மட்டும் நம்பலாமா என்றால், என் அனுபவத்தில் பலன் ஆளுக்கு ஆள், பருவத்துக்குப் பருவம் மாறியது. எண்ணிக்கையை ஒரு தடவை இறக்கிய பிறகு ஏறவிடாமல் வைக்க இதைப் பயன்படுத்துங்கள். உண்ணிச்செடி இலையை மாடு தின்றால் கல்லீரல் கெட்டு, வெயிலில் தோல் வெந்துவிடும். அரைத்த சக்கையைத் தொட்டிப் பக்கம் போடாதீர்கள்.

மூன்று உருப்படிதான் வைத்திருக்கிறீர்கள் என்பதால் பெரிய பண்ணைக்காரரால் முடியாத ஒன்று உங்களால் முடியும். தினமும் மாலை மாட்டைத் தேய்த்துவிடும்போது, பச்சைப்பயறு அளவுக்கு மேல் பருத்த உண்ணிகளை மட்டும் எடுங்கள். அன்றிரவு ரத்தம் குடித்து விடிந்ததும் உதிரப் போவது அவைதான். ஒவ்வொன்றும் உங்கள் கொட்டகையில் இரண்டாயிரத்துக்குக் குறையாத முட்டை. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போடுங்கள். நகத்தில் நசுக்காதீர்கள்: கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலை ஹயலோமா உண்ணி பரப்புகிறது, 2011இல் குஜராத்தில் மனிதர்களிடம் அது உறுதிசெய்யப்பட்டது. மண்ணெண்ணெயை மாட்டின் தோலில் தடவுவதையும் நிறுத்துங்கள், தோல்தான் வெந்துபோகும். கொட்டகையில் சுவர் வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடையுங்கள், அடித்தளத்திலிருந்து இடுப்புயரம் வரை சுண்ணாம்பு அடியுங்கள், சாணக்குழியைக் கட்டுத்தறியிலிருந்து தள்ளி வையுங்கள். மாட்டுக்கு மருந்தடிக்கும் அன்றே வெடிப்புகளிலும் அடியுங்கள். கொட்டகையில் நாலு நாட்டுக்கோழி மேய்ந்தால் உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்னும். அது கூடுதல் உதவி மட்டுமே.

அட்டவணை கேட்பீர்கள். சரியான மருந்தை உறுதிசெய்துகொண்டு இன்று ஒன்று, பன்னிரண்டாம் நாள் ஒன்று. அதன்பின் பதினெட்டு நாளுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. 21 நாள் முடிவதற்குள் அடித்துவிடுவதால் புதிதாக ஏறிய குஞ்சு முட்டையிடும் நிலைக்கு வந்து உதிர இடமில்லை. இரண்டு மாதத்தில் தரையில் இருந்த கூட்டமும் மெலிந்துவிடும். இது உண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை வைத்து நான் போடும் கணக்கு. மாடுகளைப் புறம்போக்கில் மேய விட்டால் ஊர் மாடெல்லாம் உதிர்த்த உண்ணிகளின் குஞ்சுகள் ஏறும். அப்போது இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. அடுத்த ஆண்டு, கோடையின் முடிவில் உண்ணி குறைவாக இருக்கும்போதே தொடங்குங்கள். உண்ணி கண்ணுக்குத் தெரியாத மாதத்தில் மருந்தடிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் மழைக்கு முன் கொல்லும் ஒன்று, மழைக்குப் பின் கொல்லும் நூறுக்குச் சமம்.

அடியோடு ஒழிக்க முடியாதா என்றால், அமெரிக்கா ஒழித்தது. இதற்கு நெருங்கிய உறவான மாட்டு உண்ணிதான் மாட்டுக் காய்ச்சலை (பபேசியாவை) அங்கே பரப்புகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் வெளியிட்டார்கள். 1906இல் தொடங்கிய இயக்கம், மெக்சிகோ எல்லையோரப் பட்டையைத் தவிர மற்ற இடங்களில் 1943இல் முடிந்தது. மாட்டை மருந்துத் தொட்டியில் முக்கியதோடு, மேய்ச்சல் நிலத்தை மாதக்கணக்கில் மாடில்லாமல் காலியாகப் போட்டார்கள். நம் ஊரில் அது நடக்காது. நடக்காதது ஒரு வகையில் பாதகமும் இல்லை: கன்றுப் பருவத்தில் லேசாக பபேசியா தொற்றிய மாடு பெரும்பாலும் பெரிதாக நோயுறாமல் எதிர்ப்பு பெற்றுவிடும். உண்ணியே பார்க்காமல் வளர்ந்த மாட்டை வெளியிலிருந்து வாங்கி வந்தால்தான் முதல் மழையிலேயே படுத்துக்கொள்கிறது. காங்கேயமும் பர்கூரும் உங்கள் ஜெர்சி அளவுக்கு உண்ணி சுமப்பதில்லை என்பதும் உண்மை. உண்ணித் தடுப்பூசி ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் தொண்ணூறுகளிலேயே வந்தது. நம் கடைகளில் கிடைக்கும் பொருள் அல்ல.

கடைசியாக நாய். அதன் மேல் இருப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. ரிப்பிசெஃபாலஸ் பேரினம்தான், ஆனால் வேறு இனம், மாட்டை அது நாடுவது அரிது. உங்கள் பசுவின் உண்ணிக்கு நாயைக் குற்றம் சொல்ல வேண்டாம். அதற்குத் தனி மருந்து, தனி அளவு இருக்கிறது; மாட்டுக்குக் கலக்கியதில் மீந்ததை அதன் மேல் ஊற்றாதீர்கள்.